ஓரம் வெட்டிய ஆயுத பூஜைப் படம்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் குறுக்கு விசாரணையைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அதில் நான் சுமார்தான். எதிர்த்தரப்புச் சாட்சி அழுதால் அடுத்த கேள்வியை விட்டுவிடுவேன். ஆகவே அதை நன்றாகச் செய்தவர்கள் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். நான் வேறு ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

சிவில் வழக்கில் ஒரு கட்டம் வரும். விசாரணை எல்லாம் ரொம்ப தூரத்தில் இருக்கும்போதே, நீதிமன்றம் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, உங்களிடம் இருப்பதை ஒருவருக்கொருவர் காட்டுங்கள் என்று தேதி கொடுக்கும். உங்களுக்கு உதவுவதைக் காட்டினால் மட்டும் போதாது. உங்களைக் குத்தும் என்று உங்களுக்கே தெரிந்ததையும் காட்ட வேண்டும். இளம் வக்கீல்கள் இதை அலுப்பான வேலை என்று நினைக்கிறார்கள். உதவியாளரிடம் தள்ளிவிட்டு காப்பி குடிக்கப் போகிறார்கள். என் அனுபவத்தில் மனிதர்கள் உடைவது சாட்சிக் கூண்டில் அல்ல, இந்தத் தேதிக்கு முந்தைய வாரத்தில்தான். நான் எதிர்த்தரப்போடு போட்ட சண்டையைவிட என் சொந்தக் கட்சிக்காரர்களோடு போட்ட சண்டைதான் அதிகம். எல்லாமே இதற்காகத்தான்.

முருகேசன் வழக்கைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

சிங்கப்பூரில் என் அலுவலகம் தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், மளிகைக் கடைக்கு மேலே இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் திறந்து வைப்பேன். துவாஸ், கிராஞ்சி தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் நம் ஊர்ப் பையன்களுக்கு அன்றைக்குத்தானே விடுமுறை. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை முருகேசன் படியேறி வந்தார். துவாஸில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் இயந்திரத்தில் வேலை. வலது கையில் கட்டை விரல் மட்டும் மிச்சம். உட்கார்ந்ததும் அந்தக் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார். பேசி முடிக்கும் வரை மேலே எடுக்கவில்லை.

கம்பெனி சொன்ன பதில் எளிமையானது. அந்த இயந்திரத்தின் வாய்க்கு முன்னால் ஒரு பாதுகாப்புக் கவர் உண்டு. அது எப்போதும் மாட்டியே இருந்தது. விபத்து நடந்த அன்றைக்கு வேலையை வேகமாக முடிப்பதற்காக முருகேசனே அதைக் கழற்றிவிட்டார், குற்றம் அவருடையது. இவ்வளவுதான். இல்லை, அந்தக் கவர் பல மாதமாகவே இல்லை என்றார் முருகேசன். அதற்குச் சாட்சி சொல்ல, உடன் வேலை பார்த்தவர்கள் யாரும் வரத் தயாராக இல்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கம்பெனி நினைத்தால் வேலை அனுமதியை ரத்து செய்து விமானம் ஏற்றிவிடும்.

நானும் எங்கள் அலுவலகத்தில் இருந்த இளம் வக்கீல் நித்யாவும் இதை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தபோதுதான் முருகேசன் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஆயுத பூஜைப் படம். இயந்திரத்துக்குச் சாமந்தி மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் குத்தியிருந்தார்கள். பக்கத்தில் சூப்பர்வைசர் சுண்டல் தட்டோடு நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அவர் நம் ஆள் இல்லை. ஆனாலும் சுண்டலுக்கு முதல் ஆளாக வந்துவிடுவார் என்றார் முருகேசன். இயந்திரத்தின் வாய் திறந்து கிடந்தது. கவர் இல்லை. பிளேடின் மேல் பளிச்சென்று மூன்று பொட்டு.

ஆயுத பூஜை அக்டோபர் வாக்கில் வரும். முருகேசனின் கை போனது பொங்கல் கழித்து. கவர் எப்போதும் இருந்தது என்ற கம்பெனியின் வாதம் அந்த ஒரு படத்தில் காலி.

நித்யா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "அக்கா, இத இப்ப காட்ட வேணாம் லா. ட்ரையல்ல அந்த சூப்பர்வைசர் வந்து, கவர் எப்பவும் இருந்துச்சுன்னு சத்தியம் பண்ணட்டும். அப்புறம் ஸ்கிரீன்ல போடுவோம். மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும் எனக்கு."

"படம் பாக்கப் போறியா, கேஸ் நடத்தப் போறியா?" என்றேன். "தேதிக்குள்ள கொடுக்கலைன்னா அப்புறம் நீ அதைத் தொடவே முடியாமப் போகலாம். சூப்பர்வைசர் மூஞ்சியை இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நல்ல பெண், ஆனால் சினிமா அதிகம் பார்ப்பாள்.

ஆவணங்களை ஒப்படைக்க வேண்டியது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு காலையில் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து மேசையில் வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் இடது ஓரம் கண்ணை உறுத்தியது. நீல வேலைச் சட்டை போட்ட ஒருவரின் முழங்கை பாதியில் நின்றது. அதன் கீழே மஞ்சள் வண்ணம் அடித்த ஏதோ ஒரு இரும்பின் விளிம்பு. அந்த விளிம்பிலும் ஒரு பொட்டு.

நம் வீட்டில் ஆயுத பூஜை செய்தவர்களுக்கு இது புரியும். சும்மா கிடக்கும் இரும்புக்கு யாரும் பொட்டு வைக்க மாட்டார்கள். வேலை செய்யும் பொருளுக்குத்தான் வைப்பார்கள். அப்படியானால் படத்துக்கு வெளியே இருக்கும் அந்த மஞ்சள் பொருள் என்ன? படத்தின் அகலமும் குறைவாக இருந்தது. யாரோ ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள்.

முருகேசன் வந்ததும் கேட்டேன். "இது யாரோட முழங்கை?"

"யாரோ நிக்கிறாங்க மேடம். கூட்டமா இருந்துச்சு."

"முழுப் படம் எங்கே?"

"பழைய போன்ல போயிருச்சு."

"உங்க பட்டறை வாட்ஸாப் குரூப்ல இருக்குமே. சூப்பர்வைசரும் அந்தக் குரூப்ல இருப்பாரே."

அவர் போனைச் சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தார். இடது கைப் பழக்கம் இன்னும் வராததால் அது நழுவித் தரையில் விழுந்தது. நித்யா எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முழுப் படத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

இடது பக்கம் ஒரு மனிதர் குந்தி உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த மஞ்சள் கவர். கையில் ஸ்பானர். நெற்றி நிறையத் திருநீறு. வாய் நிறையச் சிரிப்பு.

"யாரு இவர்?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர், செல்வராஜ். எங்க மாப்பிள்ளை."

பிறகு மெல்ல மெல்ல வந்தது கதை. "பிளேடுக்குத்தானே மேடம் பொட்டு வைக்கணும். மூடி மேல வச்சா அது பூஜையான்னு மாப்பிள்ளைதான் கவரைக் கழட்டினாரு. அப்புறம் அது கோவிச்சுக்கக் கூடாதுன்னு அதுக்கும் ஒரு பொட்டு வச்சாரு. மறுநாள் மாட்டப் போனாரு. சூப்பர்வைசர், வேணாம், கவர் இல்லாம வேலை சீக்கிரம் ஓடும், அப்படியே இருக்கட்டும்னுட்டாரு. மாப்பிள்ளை செவுத்தோரமா சாத்தி வச்சிட்டாரு. அதோட எல்லாரும் மறந்துட்டோம்."

எனக்கு இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் தோன்றியது. முழுப் படம் வழக்குக்கு வெட்டிய படத்தைவிட நல்லது. கழற்றிய கவருக்குப் பக்கத்திலேயே நின்று சூப்பர்வைசர் சுண்டல் சாப்பிடுகிறார். இனி தெரியாது என்று சொல்ல அவருக்கு வழியே இல்லை. அதே படம் நம்மைக் குத்தவும் செய்யும். உங்கள் ஆட்களே யாரையும் கேட்காமல் கழற்றினார்கள் என்று கம்பெனி சொல்லும். எப்படிப் பார்த்தாலும் அது போய்த்தான் ஆக வேண்டும், அதுவும் முழுதாக.

சொன்னேன். முருகேசன் முடியாது என்று தலையை ஆட்டினார். "அப்ப படமே வேணாம். அப்படி ஒண்ணு இல்லைன்னு சொல்லிருவோம்."

"யாரு சொல்றது? எங்ககிட்ட இருக்கிறது இவ்வளவுதான்னு நீங்க சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். அதை நான் கொண்டு போய்க் கொடுக்கணும். எனக்குத் தெரிஞ்சு போச்சு முருகேசன். இனிமே தெரியாத மாதிரி நான் நடிக்க முடியாது."

"அப்ப கேஸே வேணாம் மேடம்."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன், நன்றாகவே வந்தது. "அந்தக் கையை மேல எடுத்து வைங்க" என்றேன். அவர் எடுக்கவில்லை. "மாப்பிள்ளைக்கு வேலை போயிரும்னு பயமா? இந்தக் கையை வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க? அதை யோசிச்சீங்களா?"

"வேலை போனா வேற வேலை மேடம். தங்கச்சிக்குத் தெரியாது."

"என்ன தெரியாது?"

"கவரைக் கழட்டினது அவர்னு. மெஷின் ரிப்பேர்னு சொல்லி வச்சிருக்கேன். என் கை போனதுக்கு அவ புருஷன் ஒரு காரணம்னு தெரிஞ்சா, அவ எப்படி மேடம் அவர்கூடக் குடும்பம் நடத்துவா? நான்தான் பாத்துக் கட்டி வச்சேன். நான்தான் ஏஜெண்ட்கிட்ட சொல்லி இங்க கூட்டிட்டு வந்தேன். கை எனக்குத்தானே போச்சு. அது என்னோட போகட்டும்."

நித்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு மனிதன் தன் கையைப் பறிகொடுத்துவிட்டு, அதற்கு வர வேண்டிய நியாயத்தையும் தங்கை வீட்டு நிம்மதிக்காக விட்டுக்கொடுக்க நிற்கிறான். அப்படிப்பட்டவனிடம் சட்டம் பேசுவது கேவலமாக இருந்தது. ஆனாலும் பேசினேன். அதற்குத்தான் சம்பளம்.

"இந்தப் படம் குரூப்ல இருக்கிற எல்லார் போன்லயும் இருக்கு. அது எப்படியும் வெளிய வரும். நீங்க காட்டினா உண்மையைச் சொன்ன ஆள். அவங்க காட்டினா ஒளிச்சு வச்ச ஆள். கோர்ட்டுக்கு மட்டும் சொல்லல, உங்க தங்கச்சிக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். நாளைக்கு இது கம்பெனி கைக்குப் போறதுக்குள்ள அவங்ககிட்ட நீங்களே பேசிருங்க."

அவர் எழுந்து போய்விட்டார். திரும்பி வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் போல வந்தார். கூடவே படத்தில் பார்த்த அந்த மனிதர்.

செல்வராஜ் உட்கார மறுத்துவிட்டார். நான் முதலிலேயே சொன்னேன். நான் உங்கள் மச்சானின் வக்கீல், உங்கள் வக்கீல் அல்ல, உங்களிடம் நான் எதுவும் கேட்கப் போவதில்லை, வேண்டுமானால் தனியாக ஒரு வக்கீலைப் பாருங்கள் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதையும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

"மேடம், மறுநாள் நான் பிடிவாதமா அதை மாட்டியிருந்தா மச்சான் கை இருந்திருக்கும்ல?"

"மாப்பிள்ளை, அந்தப் பேச்சு வேணாம்" என்றார் முருகேசன்.

"கம்பெனி டார்ம் ரூம்ல பக்கத்துப் பக்கத்துக் கட்டில் மேடம். இத்தன நாளா ஒரு வார்த்தை கேக்கல இவரு. ஒரு தடவை திட்டியிருந்தாக்கூட நல்லாயிருந்திருக்கும்." அவர் என்னைத்தான் பார்த்துப் பேசினார், மச்சானைப் பார்க்கவில்லை. "படத்தைக் கொடுத்துருங்க. நானே வீட்டுக்குப் பேசிச் சொல்லிடுறேன்."

"வேணாம் மாப்பிள்ளை" என்று முருகேசன் அவசரமாகக் குறுக்கிட்டார். "நீங்க சொன்னா தாங்க மாட்டா. அண்ணன் சொன்னா பொறுத்துக்குவா. இன்னைக்கே பேசுறேன். நீங்க வாயத் திறக்காதீங்க."

மூத்தவர் சொன்னால் இளையவர் கேட்டுக்கொள்வதுதானே நம் வழக்கம். செல்வராஜ் சரி என்றார்.

திங்கட்கிழமை காலையில் முருகேசன் வந்து இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். தங்கச்சியிடம் பேசிவிட்டீர்களா என்று கேட்டேன். "பேசிட்டேன் மேடம்" என்றார். முழுப் படமும் அன்றைக்கே எதிர்த்தரப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. கம்பெனி செல்வராஜை வேலையிலிருந்து நீக்கியது. சாட்சியாக அவரை இங்கேயே தங்க வைக்க முடியுமா என்று நான் முயற்சி எடுத்தேன். அவரே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். கம்பெனியின் வக்கீல் அந்தப் படத்தைப் பார்த்த பிறகு பேச்சின் தொனியே மாறிவிட்டது. வழக்கு விசாரணைக்கே போகவில்லை. முருகேசனுக்கு நியாயமான ஈடு கிடைத்தது. அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். நித்யா கேக் வாங்கி வந்தாள்.

அந்தப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தபோதே ஒரு மத்தியானம் அலுவலகத்துக்கு இந்தியாவிலிருந்து போன் வந்தது. பெண் குரல்.

"எங்க அண்ணன் கேஸைப் பாக்குற வக்கீலம்மாவா?"

முருகேசனின் தங்கை. செல்வராஜ் சாங்கி விமான நிலையத்திலிருந்து, விமானம் ஏறுவதற்கு முன் அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அவள் திட்டவில்லை, அழவில்லை. நிதானமாகக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். எங்க அண்ணனுக்கு இது மொதல்லருந்தே தெரியுமா?"

என்னால் சொல்ல முடியாது. கட்சிக்காரர் என்னிடம் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் அவருடைய தங்கையிடம்கூட நான் சொல்லக் கூடாது. உங்களுக்கு இது பாடமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்திருந்தது, அந்தப் போன் வரும் வரை.

"அத நான் சொல்ல முடியாதும்மா. உங்க அண்ணன்கிட்டயே கேளுங்க."

"கேட்டா மெஷின் ரிப்பேர்ங்கிறாரு. இன்னமும் அதையே சொல்றாரு. கம்பெனிக்காரன்தான் எதிராளி. அவனுக்கு எல்லாத்தையும் மொதல்லயே காட்டிரணும்னு சட்டமாம், எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. கூடப் பொறந்தவ கேட்டா சொல்லக் கூடாதுன்னும் சட்டமா? என்னம்மா சட்டம் வச்சிருக்கீங்க?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் போனை வைத்துவிட்டாள். இத்தனை வருட வேலையில் நீதிபதிகள் என்னைக் கேட்ட கேள்விகள் பலவும் மறந்துவிட்டன. இது மறக்கவில்லை.

நான் செய்தது சரிதான். இன்றைக்கு அதே வழக்கு வந்தாலும் அதே படத்தை முழுதாகத்தான் கொடுப்பேன். வெட்டிய படத்தைக் கொடுக்கும் வக்கீலிடம் யாரும் எதையும் நம்பி ஒப்படைக்க முடியாது. ஆனால் சரியானதைச் செய்தால் மனசு நிம்மதியாகிவிடும் என்று உங்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அதை மட்டும் நம்பாதீர்கள். நாம் ஒரு உறைக்குள் போட்டு அனுப்புவது யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் போய் விழுகிறது. அதனால் ஆவணங்களை அனுப்புவதற்கு முன் கட்சிக்காரரை உட்கார வைத்து ஒன்று கேளுங்கள். எதிராளிக்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் யாராவது இருக்கிறார்களா? இருந்தால், உங்கள் அறையிலேயே, உங்கள் முன்னாலேயே அவர் போனை எடுத்துப் பேசட்டும். வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன் என்பவரை விடாதீர்கள்.

வழக்கு முடிந்து, கடைசிக் காகிதங்களில் கையெழுத்துப் போட முருகேசன் வந்தார். ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இந்த முறை கையை மேசை மேலேயே வைத்திருந்தார்.

"தங்கச்சிகிட்ட பேசிட்டேன்னு சொன்னீங்களே" என்றேன்.

"பேசினேன் மேடம். இதைப் பேசல. போனை எடுத்ததும், கை வலிக்குதான்னு கேட்டா. அதுக்கப்புறம் வாய் வரல."

"இப்ப?"

"தீபாவளிக்குக் கூப்பிட்டேன். மாப்பிள்ளைதான் எடுத்தாரு. பின்னாடி அவ குரல் கேட்டுச்சு, அவர்கிட்ட என்னமோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தா. அண்ணன் லைன்ல இருக்காருன்னு அவர் சொன்னதும் சத்தம் நின்னு போச்சு." பேனாவை மூடி மேசையில் வைத்தார். "அவர்கிட்ட பேசுறா மேடம். என்கிட்டதான் பேசல."